ஒன்பதாம் கட்டில்

படிவத்தின் நான்காவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது காலை ஒன்பது நாற்பது. மதிப்பீடு செய்யப்போகும் மையத்தோடு உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ படிப்பு, வேலை, உறவு, பெற்ற உதவி, மனக்குறை என்று எந்த வகையிலாவது தொடர்பு உண்டா என்பது கேள்வி. அதை இரண்டு முறை வாசித்தேன். எதையும் இரண்டு முறை பார்ப்பது நூல் மில்லின் தரப் பிரிவில் வேலை பார்த்து வந்த பழக்கம். இரண்டாம் முறை வாசித்தபோதும் பதில் மாறவில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் அந்த மையத்துக்குள் நான் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன்.

மையம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய மாணவர் விடுதியின் கீழ்த்தளம்தான். மூன்று அறைகள், ஒரு நீள வராந்தா, ஓரத்தில் ஒரு குழாய். வாரத்தில் நான்கு நாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு நடக்கும். பகலில் கடையிலும் மில்லிலும் வீட்டிலும் உழைத்துவிட்டு வருகிறவர்கள் அங்கே இரண்டு வருடம் படிக்கிறார்கள். படித்து முடித்தால் பங்குக் கோயில்களில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கலாம், நோயாளிகளைச் சந்திக்கலாம், சாமியார் வர முடியாத ஊர்களில் ஜெபம் நடத்தலாம். ஆனால் அந்தச் சான்றிதழை மற்ற பங்குகள் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் மையத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மூன்று பேரை அனுப்புவார்கள். இந்த முறை அனுப்பப்பட்டவர்களில் நான் ஒருத்தி.

குழுவுக்குத் தலைவி சிஸ்டர் வினோலியா. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். இரண்டாமவர் செழியன் சார், நெய்க்காரப்பட்டிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் இப்படி ஒரு மாலை வகுப்பில் படித்து முடித்தவராக இருக்க வேண்டும் என்று விதி. நான் வேறு ஊர் மையத்தில் படித்து இந்த வருடம்தான் முடித்திருந்தேன். என்னை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. என் நோட்டுகள் ஒழுங்காக இருந்ததால் இருக்கலாம். ஒழுங்காக எழுதுகிறவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஊதா அட்டை போட்ட எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். மதிப்பிட வருகிறவர்களுக்கான நடத்தை விதிகள். மையத்தில் தண்ணீரும் டீயும் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அறிக்கை போய்ச் சேரும்வரை மாணவர்களோடு தனியே பேசக் கூடாது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஏதாவது தொடர்பு இருப்பது நடுவில் தெரியவந்தால் அந்த நிமிடமே சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். இப்படிப் பன்னிரண்டு விதிகள். முந்தின வாரமே நான் அதை அடிக்கோடு போட்டு வாசித்து முடித்திருந்தேன்.

பத்து ஐம்பதுக்கு மையத்தின் இயக்குநர் சூசைமாணிக்கம் சார் தங்கள் பயிற்சியைப் பற்றி விளக்கினார். அறுபதைத் தாண்டியவர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஒரு தாள். மொத்தம் முப்பத்தெட்டு மாணவர்கள், களப்பயிற்சி அறுபது மணி நேரம் என்று வாசித்துக்கொண்டே வந்து, களப்பயிற்சி நடக்கும் ஆஸ்பத்திரியின் பெயரையும் பெண்கள் வார்டையும் சொன்னார். போன வருடம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மாலை நேரங்களில் இவருடைய மாணவர்கள் அங்கே போயிருக்கிறார்கள்.

போன அக்டோபர் பதினான்காம் தேதி என் அம்மா அந்த வார்டில் ஒன்பதாம் கட்டிலில் இறந்தாள்.

அந்த நிமிடம் நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. எத்தனையோ பேர் படுத்து எழுந்த வார்டு, எத்தனையோ பேர் போய்வந்த இடம், இதெல்லாம் ஒரு தொடர்பா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டதிலேயே பதில் இருந்தது. என் தாளில் '10.50, களப்பயிற்சி' என்று மட்டும் எழுதி அதன் கீழே கோடு போட்டேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு நாள் அங்கே கிடந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மூக்கில் குழாய் வழியாகத்தான் கஞ்சி. கண் மட்டும் நம் பின்னாலேயே வரும். செம்பட்டியில் எங்களுக்குப் பக்கத்து வீடான ஜக்கம்மாள் அக்காவும் நானும் மாற்றி மாற்றி இருந்தோம். பதினான்காம் தேதி எனக்குத் திருச்சபைச் சட்டம் பரீட்சை, மாலை ஆறு முதல் ஏழரை வரை. நிலைமை ஒரே சீராக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். போயிட்டு வா, நான் இருக்கேன் என்றாள் அக்கா. ஆறு மணிக்கு மேல் அக்கா மருந்துச் சீட்டோடு கீழே போயிருக்கிறாள். மருந்துக்கடையில் கூட்டம். ஆறு ஐம்பதுக்கு நர்ஸ் வந்து பார்த்தபோது அம்மா போயிருந்தாள். அந்தப் பரீட்சையில் நான் எழுபத்தொரு மார்க் வாங்கினேன். பத்து மாதமாக அந்த ஐம்பது நிமிடம் எனக்குள் அசையாமல் நிற்கிறது. அம்மா யாரைத் தேடினாள், கண் எந்தப் பக்கம் போனது, எதிரே யாராவது இருந்தார்களா என்று தினமும் ஒரு முறையாவது நினைத்துக்கொள்கிறேன். ஜக்கம்மாள் அக்கா அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். நான் அவளை ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

களப்பயிற்சி நோட்டுகளைப் பார்க்கும் வேலையைச் சிஸ்டர் என்னிடம்தான் கொடுத்தார். ஐந்தால் வகுபடும் வரிசை எண்கள், மொத்தம் ஏழு நோட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பக்கம். எந்தப் பக்கம் என்பதையும் முன்கூட்டியே குறித்துக் கொடுத்திருந்தார்கள், நம் விருப்பம் புகுந்துவிடாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு பக்கமும் ஒரு சந்திப்பு. நோயாளியின் பெயரை எழுதக் கூடாது, கட்டில் எண் மட்டும். நேரம், இருந்த நிமிடங்கள், நடந்தது, கீழே இயக்குநரின் கையெழுத்து. ஏழு நோட்டையும் பன்னிரண்டே காலுக்கெல்லாம் முடித்துவிட்டேன். குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரு பெரியவர் நோயாளிக்கு நகம் வெட்டிவிட்டதை எழுதியிருந்தார். ஒரு பெண், என்ன பேசுவதென்று தெரியாமல் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தேன் என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்துக்கு நான் நல்ல மதிப்பெண் போட்டேன்.

மேஜைமேல் மீதி முப்பத்தொரு நோட்டு இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அந்தத் தேதியில் யாராவது வார்டுக்குப் போயிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. என் கை அதற்குள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். பன்னிரண்டு, பதினாறு. அடுத்த நோட்டு. மில்லில் அறுந்த நூல் முனையைத் தேடுவதுபோல விரல் தானாக ஓடியது. இருபத்திரண்டாம் எண் நோட்டில் அந்தத் தேதி இருந்தது.

'14.10. மாலை 6.15. பெண்கள் வார்டு, கட்டில் 9. ஒரு அம்மா தனியாக இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.'

இந்த மூன்று வரிகளோடு நான் நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். யாரோ இருந்திருக்கிறார்கள். அம்மாவின் கண்ணுக்கு எதிரே ஒரு முகம் இருந்திருக்கிறது. நோட்டை மூடாமலே முதல் பக்கத்துக்குப் போய்ப் பெயரைப் பார்த்தேன். ஜெஸ்ஸி. ஒட்டியிருந்த போட்டோவில் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண் வாயை இறுக மூடிக்கொண்டு நேராகப் பார்த்தாள். அவள் காலைத் தொட வேண்டும்போல இருந்தது. வெட்கத்தைப் பார்க்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்து மீதியை வாசித்தேன்.

'அந்த அம்மா நன்றாகப் பேசினார்கள். மகளைப் பற்றிச் சொன்னார்கள். சேர்ந்து ஜெபமாலை சொன்னோம். சந்தோஷமாக இருந்தார்கள். நான் கிளம்பும்போது நன்றி சொன்னார்கள்.'

எட்டு நாளாகப் பேச்சில்லாத வாய் அது.

இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசித்தேன். ஒன்று, இந்தப் பெண் அன்றைக்கு அங்கே போகவே இல்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். இரண்டு, போயிருக்கிறாள், பேசாத ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நோட்டில் எழுத ஏதாவது வேண்டுமே என்று பேச்சைச் சேர்த்திருக்கிறாள். மூன்று, எட்டாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எண்ணை மாற்றி எழுதியிருக்கிறாள். எட்டாம் கட்டிலில் அய்யலூர்ச் சந்தையில் கிடா முட்டி விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு அம்மா இருந்தார். வாய் ஓயாது. மகளைத் திருச்சியில் கட்டிக் கொடுத்ததைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆனால் அவர் பதிமூன்றாம் தேதி வீட்டுக்குப் போனாரா பதினான்காம் தேதியா என்பது எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. எவ்வளவு அழுத்தி நினைத்தும் வரவில்லை. எட்டாம் கட்டில் விரிப்பு இல்லாமல் கிடந்தது நினைவிருக்கிறது. அது அம்மாவை எடுத்துக்கொண்டு போகும்போது பார்த்ததா மறுநாள் துணிப்பை எடுக்கப் போனபோது பார்த்ததா என்று தெரியவில்லை.

நோட்டை அடுக்கில் பழைய இடத்தில் வைத்துவிட்டால் போதும். நான் பார்க்க வேண்டிய ஏழும் சுத்தமாக இருந்தன. இருபத்திரண்டாம் எண் என் கணக்கிலேயே இல்லை. அதைச் சொன்னால் முப்பத்தெட்டையும் பிரிப்பார்கள். எல்லோருடைய சான்றிதழும் நிற்கும். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணத்தால்தான் அந்த வரி பொய் என்று தெரியும், அந்தக் காரணத்தை நான் மறைத்திருக்கிறேன். இன்னொன்றும் தோன்றியது. மதியம் எங்கள் குழுவைப் பார்க்க மாணவர்கள் எல்லோரும் வருவார்கள். குழாயடியில் அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் நிறுத்தி, அன்றைக்கு வந்தியா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அறிக்கை எழுத வந்தவளாகக் கேட்பேனா, மகளாகக் கேட்பேனா என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மகளாகத்தான் கேட்பேன். ஆனால் மதிப்பிட வந்தவளிடம்தான் அந்தப் பெண் பதில் சொல்வாள். பயந்து சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு மணிக்குச் சாப்பாடு. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு டப்பாவில் புளிச்சோறு கொண்டு வந்திருந்தோம். சூசைமாணிக்கம் சார் வராந்தாவில் ஒரு பெரிய தேக்சாவோடு நின்றார். மாணவர்கள் சிலர் காலையிலேயே வந்து பின்பக்கம் அடுப்பு மூட்டி ஆக்கிய பிரியாணி. சிஸ்டர் விதியைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. ஒரு வாய் வைத்தால் என்ன ஆகிவிடும் என்றார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"சோறு வேணாம்னா தொட்டுக்க வெஞ்சனமாச்சும் எடுத்துக்கங்க சிஸ்டர். வெறும் புளிச்சோத்த எப்புடித் திம்பீக?"

"ஏனுங்க சிஸ்டர், வாசம் புடிக்கறதுக்கு விதியில ஏதாச்சும் தடை இருக்குதுங்களா?" என்று கேட்டார் செழியன் சார்.

"வாசத்துக்கு இல்ல சார். நீங்க வாயத் தொறக்காம புடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சூசைமாணிக்கம் சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டு மூடிவிட்டேன். அந்தச் சிரிப்புக்குள் என்னால் இருக்க முடியவில்லை. வருகிறவர்களுக்குச் சோறு போட முடியாமல் அந்த மனிதர் தேக்சாவைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, இவருக்கு நாம் செய்யப்போவது இதைவிடப் பெரிய அவமானம் என்று தோன்றியது.

கை கழுவப் போன இடத்தில் சிஸ்டரிடம் சொன்னேன். நாலாவது கேள்விக்கு நான் எழுதியது தப்பு என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அம்மா, வார்டு, பரீட்சை, பார்க்கக் கூடாத நோட்டைப் பார்த்தது, தேதியைத் தேடியது, அந்த ஐந்து வரி. அழாமல் சொல்லிவிட்டேன். சிஸ்டர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்று கேட்டார்.

"வார்டு பேரு ஒனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"பத்து அம்பதுக்கு சிஸ்டர்."

"இப்ப மணி என்ன?"

"ஒன்னு நாப்பது."

சிஸ்டர் கையை உதறித் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

செழியன் சாரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின ராத்திரி உட்கார வைத்து எழுதாத நோட்டையெல்லாம் எழுத வைத்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதுகிற பிள்ளை யாரையும் ஏமாற்ற எழுதுவதில்லை, அப்படி எழுதினால்தான் நமக்குப் பிடிக்கும் என்று நாமே பழக்கியிருக்கிறோம் என்றார். "ஒரு வரிக்காக முப்பத்தெட்டுப் பேருங்களா சிஸ்டர்?" என்று கடைசியில் கேட்டார்.

"வரிக்காக இல்ல சார். செத்துக்கிட்டு இருக்கற ஒருத்தர் பக்கத்துல போய் உக்காரத்தான் நாம இவங்களுக்குச் சர்டிபிகேட் குடுக்கறோம். போனாங்களா இல்லையான்னு தெரியாம எப்புடிக் குடுக்கறது?"

சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

என் காலைக் குறிப்புகளை வாங்கிக்கொண்டு சிஸ்டர் குறுக்கே கோடு போட்டார். ஏழு நோட்டையும் அவர்களே மறுபடி பார்ப்பார்களாம். நான் வார்டின் பெயர் தெரிந்த பிறகும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது அறிக்கையில் வரும் என்றார். வரத்தான் வேண்டும் என்று சொன்னேன். அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு அவளுக்குச் சொல்ல இருப்பதைச் சொல்லவிடுவோம், யார் கண்டுபிடித்தது எதனால் என்பதை அவளிடம் சொல்ல மாட்டோம் என்றார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மாட்டியும் நகர முடியவில்லை.

"அவ வந்தாளா வரலையான்னு மட்டும் எனக்கு..."

"அந்தப் பதில் ஒனக்கு வராது செல்வி," என்றார் சிஸ்டர். "வரக் கூடாது. அது அவளோடது."

வராந்தாவின் படிவரைக்கும் கூடவே வந்தார். படியில் நின்று அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். இன்னாசியம்மாள் என்று சொன்னேன். நாளைக் காலைப் பூசையில் நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்க வேண்டும். எதிர்ப்பக்க டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆடிக் காற்று ரோட்டுப் புழுதியை அள்ளி அள்ளிப் போட்டது. இரண்டு மணியிலிருந்து மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். சிலர் டூவீலரில், சிலர் நடந்து. இரண்டு இருபதுக்கு ஜவுளிக்கடைச் சீருடைச் சேலையில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாயை இறுக மூடியிருந்ததை வைத்து அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். போட்டோவைவிட மெலிந்திருந்தாள். கேட்டுக்குள் போகும்முன் செருப்பைக் கழற்றிக் காலை ஒரு முறை தரையில் ஊன்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மூன்றரைக்குச் சூசைமாணிக்கம் சார் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கினார். ஏம்மா நீங்க மட்டும் இங்க உக்காந்திருக்கீக, உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் பொய். இல்லை என்றால் மேலே கேட்பார். நான் இப்போது குழுவில் இல்லை சார், அதற்குமேல் சொல்லக் கூடாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பெஞ்சின் மறு முனையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"என்னயவும் வெளிய நிக்கச் சொல்லிட்டாக," என்றார். "ஜெஸ்ஸியக் கூப்புட்டுக் கதவச் சாத்தியிருக்காக. ஆடித் தள்ளுபடியில லீவு கேட்டதுக்குக் கடையில அம்புட்டு ஏச்சு வாங்கிட்டு வந்திருக்கு அந்தப் புள்ள. நின்னு நின்னு காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு."

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை. களப்பயிற்சி நோட்டு ஒன்றையும் தான் வரி வரியாக வாசித்ததில்லை என்று டம்ளரைப் பார்த்தபடி சொன்னார். முப்பத்தெட்டு நோட்டு, வாரா வாரம். தேதியைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களைச் சந்தேகப்பட மனசு வராது என்றார். வாசித்திருந்தால் ஒருவேளை, என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். ஒன்பதாம் கட்டில் பக்கத்தின் கீழும் அவருடைய கையெழுத்து இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. வால் நீண்ட, அவசரமான கையெழுத்து.

"நம்ம மையம் தப்பிச்சுருமாம்மா?"

"தெரியாது சார்," என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் சந்தேகமே இல்லாத உண்மை அது ஒன்றுதான். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

நாலு பத்துக்கு ஜெஸ்ஸி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அழுதிருந்தாளா, வெயிலுக்குக் கழுவினாளா என்று தெரியவில்லை. கேட்டருகே கொஞ்ச நேரம் நின்று, எந்தப் பக்கம் போவது என்று மறந்தவள்போல இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். அவள் போய் இருபது நிமிடம் கழித்து எழுந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவளோடு ஒரே பஸ் அமைந்துவிடக் கூடாது என்பதற்காக.

ஆனால் ஐந்து மணிக்குப் புறப்படும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறியபோது அவள் அதில் இருந்தாள். வலது பக்கம், மூன்றாவது ஜன்னல். பஸ் நிறைந்திருந்தது. நிற்கலாம் என்று கம்பியைப் பிடித்தேன். அவள் பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்கக்கா," என்றாள். என்னை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு நான் பஸ்ஸில் ஏறிய யாரோ ஒருத்தி. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். உட்கார்ந்தேன்.

எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். செம்பட்டி என்றேன்.

"அதுக்கு அடுத்த ஸ்டாப்புதான் எனக்கு. செம்பட்டி வந்தா எறங்கும்போது ஒரு தட்டு தட்டி விட்டுருங்கக்கா. கண்ணு சொக்குது."

சரி என்று தலையாட்டினேன். இது மாணவியோடு தனியே பேசுவதில் சேருமா என்று யோசித்தேன். நான் இப்போது குழுவில் இல்லை. இல்லாவிட்டாலும் அறிக்கை இன்னும் போகவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னேன், ஊர்ப் பெயர். இரண்டாவது சொல்லைச் சொல்லிவிடாமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முன் சீட்டின் முதுகைப் பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள். இப்போது பயப்படக்கூட மாட்டாள். போன அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று ஒரு பேச்சை ஆரம்பித்தால் போதும், ஊர் வருவதற்குள் எல்லாம் வந்துவிடும். ஒரு தட்டுத் தட்டினால் கொட்டிவிடும் அளவுக்கு அந்த முகம் நிறைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என்னால் கேட்க முடியவில்லை. விதியால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமும் இருந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டால், அந்த முதல் மூன்று வரிகளும் என்னை விட்டுப் போய்விடும்.

பஸ் ஊரைத் தாண்டும் முன்பே அவள் தூங்கிவிட்டாள். தலை முதலில் ஜன்னல் கம்பியில் இடித்தது, பிறகு முன்னால் தொங்கியது. ஒரு வளைவில் மெதுவாகச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. ஜவுளிக்கடைப் புதுத்துணி வாசமும் வியர்வையும் கலந்து வந்தது. செருப்பிலிருந்து பாதங்களை வெளியே எடுத்து வைத்திருந்தாள். வார் பதிந்த இடங்கள் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும்போது அவளுக்கு இன்னும் வயது குறைந்துவிட்டது. எனக்கு ஒரு தங்கை இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். வெளியே வெயில் இறங்கித் தென்னைகளின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு நிழலும் அவள் முகத்தில் ஏறி இறங்கிப் போனது. பஸ் தூக்கிப் போட்ட இடங்களில் நான் தோளை விறைத்துக்கொண்டேன்.

செம்பட்டி முக்கில் பஸ் நின்றது. பாதிப் பேர் இறங்கினார்கள். பூக்கூடையோடு ஒரு அம்மா ஏறினாள். கண்டக்டர் என்னைப் பார்த்து, செம்பட்டி டிக்கெட் இறங்கலையா என்று சத்தமாகக் கேட்டார். நான் விரலை உதட்டில் வைத்து, அடுத்த ஸ்டாப் என்று முன்னால் கையைக் காட்டினேன். அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தங்கச்சியா என்று குரலைத் தணித்துக் கேட்டார். பஸ் நகர்ந்தது. அவள் தலை கொஞ்சம் கீழே நழுவியது. நான் தோளைச் சற்று உயர்த்திக் கொடுத்தேன்.